விற்பனை மேலாளரின் மனு

கஜேந்திரன் சிகரெட்டை வாயில் வைத்ததே இல்லை. வெள்ளவத்தையில் அவர் குடியிருக்கும் சின்னத் தெருவின் ஒழுங்கைக்காரர்கள் இதைச் சொல்லாமல் அவரை யாருக்கும் அறிமுகம் செய்வதில்லை. அந்த உத்தமர் பத்தொன்பது வருடமாகச் சோறு தின்பது சிகரெட் விற்றுத்தான் என்பதை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டு, "கம்பனியில பெரிய இடம்" என்பார்கள். அடுத்த மாதம் கொழும்பு முழுவதன் விற்பனையும் அவர் கைக்கு வருவதாக இருந்தது.

இப்போதைக்கு அவருடைய வட்டாரம் கொட்டாஞ்சேனை. தேத்தண்ணிக் கடையோடு நின்ற சிகரெட்டைச் சலூனுக்கும் தையற்கடைக்கும், ஏன், மெழுகுதிரி விற்கிற பெட்டிக்கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த கெட்டிக்காரர் அவர்தான். அங்கே ஒரே ஒழுங்கையில் மட்டும் பதினொரு கடை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய லைட்டர் தொங்கும். "பாவப்பட்ட சனம், அதுகளுக்கு வேற என்ன சந்தோசம் இருக்கு" என்று இரக்கத்தோடு சொல்வார். அந்த இரக்கத்தைக் கேட்டால் நமக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஒழுங்கையில்தான் மரியகொறற்றியின் தேத்தண்ணிக் கடை. துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய புருஷன் நோபேட், இருமி இருமியே போன வருடம் செத்தான். செத்த வீடு முடிந்த கையோடு, கடையில் கம்பனி வைத்திருந்த சிகரெட் அலுமாரியை எடுத்துக்கொண்டு போகும்படி கஜேந்திரனிடம் சொன்னாள்.

"நீங்க விக்காட்டி பக்கத்துக் கடைக்காரன் விப்பான்" என்று சிரித்தார் கஜேந்திரன். "ஒழுங்கை முழுக்க நிப்பாட்ட ஏலுமே?"

இந்த வருடம் அவளுடைய தம்பி பிறெடி வெள்ளவத்தையில் கடை போட இடம் பிடித்தான், அதுவும் கஜேந்திரன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. சிகரெட்டும் வைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் நம் உத்தமருக்கு நித்திரை போய்விட்டது. உட்கார்ந்து மனு எழுதினார். பிள்ளைகள் நடமாடும் ஒழுங்கை, பக்கத்தில் பள்ளிக்கூடம், ஒரு கடை வந்தால் பத்துக் கடை வரும், சிகரெட் கண்ணெதிரே இருந்தால் குடிக்காதவனும் குடிப்பான். அனுபவசாலி எழுதியதல்லவா, ஒரு சொல் பிசகில்லை. முதல் கையெழுத்தும் அவருடையதே. பெயருக்குக் கீழே பதவியையும் கம்பனியின் பெயரையும் போட்டார். பதவியைப் போடாமல் கல்யாணப் பத்திரிகைகூட அடிக்காத ஆள். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, பிறெடிக்கு ஒரு பிரதி. பிறெடி பேசாமல் இடத்தை விட்டுவிட்டான்.

அடுத்த கிழமை கஜேந்திரன் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது மரியகொறற்றி ஒரு கடதாசியை நீட்டினாள். அதே மனு, சொல்லுக்குச் சொல். கீழே அறுபத்துநாலு கையெழுத்து. சலூன்காரனும் போட்டிருந்தான்.

"ஒழுங்கைட பேரை மட்டும் மாத்தினன் ஐயா. பிறெடிக்கு வந்த உங்கட மனுவையும் பின்னால வச்சுச் செயலகத்துக்குக் குடுத்தாச்சு. அதில எது பொய் எண்டு சொல்லுங்க, போய்த் திருப்பி எடுக்கிறன்."

கஜேந்திரன் கடதாசியை மடித்தார், விரித்தார்.

"கம்பனிக்கும் அனுப்பினியா?" மரியாதை சட்டென்று கழன்று விழுந்தது.

"ஓம் ஐயா. உங்கட பேருக்குக் கீழயே கம்பனிட பேர் இருந்திச்சே."