முப்பத்தொண்ணாம் தேதிக்கு எங்கே இடம்?

ஒரு மாசத்துக்கு எத்தனை வாரம்னு உங்களைக் கேட்டால் என்ன சொல்வீங்க? நாலு என்றுதானே. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், காலண்டர் போடும் தொழிலுக்கு வரும்வரை. இந்த வருஷத்தில் நாலே வரிசையில் அடங்குகிற மாதம் பிப்ரவரி ஒன்றுதான். மேயும் ஆகஸ்டும் ஆறு வரிசை கேட்கின்றன. மற்றதெல்லாம் ஐந்து. சுவரில் தொங்கும்போது சாதுவாக இருக்கிற காலண்டர், செய்கிறவர் கையில் அவ்வளவு சாது கிடையாது.

எனக்கு ஊர் முசிறிப் பக்கம். கிராமத்துப் பள்ளிக்கூடம், அப்புறம் பஸ்ஸில் போய் வந்து கம்ப்யூட்டர் சயின்ஸ். இப்போது திருவானைக்காவலில் வாடகை வீடு. கணவருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. மகள் யாழினிக்கு இரண்டரை வயது. நான் டிசைன் வேலை பார்க்கிற அச்சகம் மெயின்கார்டுகேட் பக்கம் இருக்கிறது. அவர்கள் வருஷா வருஷம் தேதித் தாள்களை வெளியூரிலிருந்து தயாராக வாங்கி, மேலே கடைப் பெயரை மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். போன ஆடிப்பெருக்கன்று, அதாவது காலண்டர் சீசன் தொடங்கும் நாளில், முதலாளியிடம் போய் நின்றேன். தேதித் தாளையும் நாமே போடலாம் சார், பைத்தான் என்ற கணினி மொழியில் காலண்டருக்கென்றே ஒரு லைப்ரரி, அதாவது தயார் புரோகிராம், இருக்கிறது, யாரோ புண்ணியவான் எழுதி வைத்தது, வருஷத்தைச் சொன்னால் தேதிகளைக் கிழமைவாரியாக அடுக்கித் தந்துவிடும், நான் வீட்டிலிருந்தே செய்துவிடுவேன் என்றேன்.

அவர் யோசித்துவிட்டு ஒரு சீசன் தந்தார். கூடவே ஒரு நிபந்தனை. ஒரு நாள் தப்பாக அச்சாகிப் போனாலும் தை மாதத்திலிருந்து கவுண்டருக்கு வந்துவிட வேண்டும், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை. கவுண்டர் என்றால் யாழினி முசிறிக்குப் போக வேண்டியதுதான், என் மாமியாரிடம். அத்தை அதற்குள் அங்கன்வாடியில் பேச்சுக் கொடுத்து இடமும் சொல்லி வைத்துவிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் டைப் அடித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் ஏன் அந்த லைப்ரரியை விடவே கூடாது என்று பிடித்துக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரியும்.

திங்களில் தொடங்கிய வாரம்

முதல் ஆர்டர் பெரிய கடை வீதிப் பாத்திரக்கடைக்காரருடையது. நாலே வரி எழுதினேன், பன்னிரண்டு மாதமும் வரிசையாக வந்து நின்றது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சரிபார்க்கிற மாதிரித் தாளான புரூஃபை எடுத்துக்கொண்டு யாழினியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. கையைத்தான் வைத்தார். காலண்டரைப் பார்க்கும்போது நம் எல்லோருடைய விரலும் முதலில் போகிற இடம் இடது ஓரம், சிவப்பு ஞாயிறு. அங்கே திங்கள் இருந்தது. லைப்ரரி எழுதியவர்கள் ஊரில் வாரம் திங்களில் ஆரம்பிக்குமாம், நாம் மாற்றச் சொல்லாவிட்டால் அது அப்படித்தான் போடும். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவரிடம் அவசர அவசரமாக விளக்கினேன். அவர் ஞாயிற்றுக்கிழமையை வலது கோடியில் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையை இவ்ளோ தள்ளி வச்சா, நான் எழுந்து போறதுக்குள்ள கறிக்கடையில நல்ல கறியெல்லாம் தீந்துடும்மா."

தேதி இல்லாத தேதி

அதைத் திருத்திய ஜோரில் இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டேன். மாதம் வியாழனில் பிறந்தால் அதற்கு முன்னால் நாலு கட்டம் காலியாக இருக்கும் இல்லையா? அந்தக் காலியை லைப்ரரி காலியாகத் தருவதில்லை, பூஜ்யம் என்று தரும். பூஜ்யம் வந்தால் எதையும் எழுதாதே என்று நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

இரண்டாவது புரூஃபில் ஜனவரி மாதம் நாலு பூஜ்யங்களோடு பிறந்திருந்தது. நல்லவேளை, அது அச்சகத்தைத் தாண்டவில்லை. மிஷின் ஓட்டுகிற பீட்டர் அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "இந்தப் பூஜ்யத்தாம் தேதிக்கு எங்களுக்கெல்லாம் லீவு உண்டாம்மா?"

கைலாசபுரத்துக் கணக்கு

கைலாசபுரம் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். தொழிற்சாலையில் அவர் பிரிவிலிருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர். காலை ஷிஃப்ட் பச்சை, மதியம் மஞ்சள், ராத்திரி நீலம், வார ஓய்வு வெள்ளை என்று ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்கும் நிறம் வேண்டும். ஷிஃப்ட் சுற்றுகிற முறையை மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தார். கையால் செய்தால் கண் பிதுங்கிவிடும். நான் எழுதுகிற நிரலுக்கோ, அதாவது புரோகிராமுக்கோ, அது அல்வா. வருஷத்தின் முதல் நாளிலிருந்து எண்ணி, சுற்றின் நீளத்தால் வகுத்து, மிச்சத்தைப் பார்த்து நிறம் பூசு என்று சொன்னேன். யாழினி ஒரு தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் வருஷம் முழுக்க நிறம் ஏறிவிட்டது. சீசனில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

புரூஃப் பார்க்க அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். கணவர் பச்சையையும் மஞ்சளையும் சரிபார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா நீலத்துக்கு மறுநாள் கட்டங்களைக் காட்டி, அங்கே ஒரு தலையணைப் படம் போட முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். "இவர் எப்ப வேலைக்குப் போவார்ங்கறது இவருக்கே தெரியும்ங்க, எப்பத் தூங்குவார்னு தெரிஞ்சாத்தானே நான் மிக்ஸி போட முடியும்."

அடுப்பில் அரிசி ஏறாத நாள்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடுகளுக்குத் தளிகை செய்து அனுப்புகிற மாமா ஒருவருக்கு ஏகாதசிதான் காலண்டரே. மற்ற நாள் சாப்பாடு, ஏகாதசி என்றால் பலகாரம் மட்டும். லைப்ரரிக்குத் திதி, நட்சத்திரம் எதுவும் தெரியாது. அதையெல்லாம் பஞ்சாங்கம் பார்த்து நான் ஒரு பட்டியலாக அடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பஞ்சாங்கம் வைத்துக்கொண்டு அடித்ததில் ஓர் ஏகாதசி ஒன்றில் ஒரு நாள், இன்னொன்றில் மறுநாள் என்று வந்து நின்றது.

எது சரி என்று அவரையே கேட்டுவிடலாம் என்று போனேன். மாமா கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "எது சரின்னு நாம தீர்மானம் பண்ண வேண்டாம்மா. பெருமாள் என்னிக்கு ஏகாதசி கண்டருள்றாரோ அன்னிக்கு எங்காத்து அடுப்புல அரிசி ஏறாது, அதை மட்டும் போடுங்கோ."

பேனாவுக்கு விட்ட இடம்

பாலக்கரை பிரியாணிக்கடை பாய் கேட்டது இதற்கு நேர் எதிர். ரம்ஜானுக்கு ஒரே தேதியை அழுத்தமாகப் போட்டுக் காட்டினேன். பிறை தெரிவதற்கு முன்னால் காலண்டர் எப்படிம்மா முந்திக்கொண்டு சொல்லும் என்றார். நிரலுக்கு 'அநேகமாக' என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அடுத்தடுத்த இரண்டு நாளையும் இளம் பச்சையில் விட்டேன். பாய்க்குத் திருப்தி. "இப்படியே இருக்கட்டும்மா, பிறை தெரிஞ்சதும் நானே பேனாவால ஒண்ணை அழுத்திக்கிறேன்."

ஆறாவது வரிசை

இப்போது அந்த ஆறாவது வரிசைக்கு வருகிறேன். மே மாதம் வெள்ளிக்கிழமை பிறக்கிறது, அதனால் 31 மட்டும் தனியாக ஆறாவது வரிசையில், ஞாயிறுக்குக் கீழே போய் உட்காரும். ஆகஸ்டில் 30, 31 இரண்டும் அப்படி. அந்த வரிசைக்காகக் கட்டங்களைச் சிறிதாக்கினால் ராகுகாலம் எழுத இடமிருக்காது.

முதலாளி தாளைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். நம் ஊர்க் காலண்டர்களைக் கவனித்திருப்பீர்கள், கடைசித் தேதிகள் மிஞ்சினால் அவை மேலே ஏறி, முதல் வரிசையில் காலியாக இருக்கிற கட்டத்தில் உட்கார்ந்துவிடும். லைப்ரரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான்தான் ஆறாவது வரிசையில் இருக்கிற தேதியைத் தூக்கி அதே கிழமையில் முதல் வரிசையில் வைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். மே 31 ஜம்மென்று முதல் வரிசையின் இடது மூலையில் வந்து உட்கார்ந்தது. எல்லாத் தாளையும் முதலாளி பார்த்தார், பீட்டர் அண்ணன் பார்த்தார், நான் மூன்று தடவை பார்த்தேன். அச்சுக்குப் பிளேட் போடச் சொல்லிவிட்டு முதலாளி சொன்னார்: "முப்பத்தொண்ணு எப்பவும் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடிதாம்மா உக்காந்திருக்கும், அதைப் பாத்துப் பழகின கண்ணுதான் நம்ம ஜனங்களுக்கு."

வைகாசியில் நிலா இல்லை

கார்த்திகையில் ஒரு நாள் காலை, பாத்திரக்கடைக் காலண்டர் மிஷினில் ஏறியிருந்த நேரம், அத்தை முசிறியிலிருந்து போன் செய்தார். யாழினிக்குக் குலதெய்வம் கோயிலில் வைகாசிப் பௌர்ணமி அன்று காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்துவார்கள், அந்தத் தாய்மாமனான என் தம்பியோ சிங்கப்பூரில் இருக்கிறான். இப்போதே தேதி சொன்னால்தான் அவனுக்கு லீவு கிடைக்கும். "நீதான் காலண்டரே போடுறியாமே, பாத்துச் சொல்லு" என்றார்.

பெருமையாகத்தான் எடுத்துப் பார்த்தேன். மே ஒன்றாம் தேதி ஒரு வெள்ளை வட்டம், அது சித்திரைப் பௌர்ணமி. அடுத்தது ஜூன் கடைசியில், அது ஆனி. நடுவில் வைகாசிக்கு நிலாவே இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம் இருந்ததால் எங்கள் மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. மே மாதத்தில் இரண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டாவது எங்கே என்று தெரிந்துவிட்டது. நாள் விசேஷங்களை நான் தேதியோடு கட்டாமல் கட்டத்தோடு கட்டியிருந்தேன். 31-ஐ மேலே தூக்கிப் போனபோது அதன் பௌர்ணமி கீழே ஆறாவது வரிசையிலேயே நின்றுவிட்டது, அந்த வரிசைதான் அச்சிலேயே இல்லையே. போனில் நான் தாள்களைப் புரட்டுகிற சத்தத்தைக் கேட்டு அத்தை சொன்னார்: "என்னம்மா, பௌர்ணமியைத் தேடுறதுக்கு இவ்ளோ நேரமா, கெடாவுக்கு அட்வான்ஸ் வாங்க இங்க ஆட்டுக்காரன் காத்துக்கிட்டு நிக்கிறான்."

மிஷினை நிறுத்துங்க

அத்தையிடம் மே 31 என்று சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் பீட்டர் அண்ணனுக்கும் கேட்காது. யாழினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு வட்டம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று. ஆனால் எங்கள் வீட்டைப் போல எத்தனை வீட்டில் அந்தத் தாளைப் பார்த்து நாள் குறிப்பார்களோ. கொள்ளிடம் பக்கமிருந்து வந்த பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது.

உள்ளே போனதும், மே மாதத்தை நிறுத்துங்கண்ணே என்றேன். முதலாளி சொல்லாமல் நிறுத்த முடியாது என்றார் பீட்டர் அண்ணன். என் முகத்தைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார், நிறுத்திவிட்டார். கொஞ்சம் தாள் ஓடியிருந்தது. முதலாளி வந்ததும் நானே சொன்னேன், தப்பு என்னுடையது, இப்படி நடந்தது, மாமியார் கேட்டபோது தெரிந்தது என்று. அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து குறிகளைத் தேதியோடு கட்டினேன். பட்டியலில் எத்தனை விசேஷமோ தாளிலும் அத்தனை இருக்கிறதா என்று நிரலே எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும்படி எழுதினேன். எண்ணச் சொன்னதும் ஆகஸ்டிலும் ஒரு சங்கடஹர சதுர்த்தி காணாமல் போயிருப்பது தெரிந்தது. அதன் பிளேட் இன்னும் மிஷினுக்கே போகவில்லை. ஓடிய மே மாதத் தாள்களின் பின்பக்கம் இப்போது கவுண்டரில் குறிப்பெழுத உதவுகிறது.

சீசன் முடிந்து தை பிறந்தது. நிபந்தனைப்படி கவுண்டருக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். யாழினியின் துணிகளைக்கூட ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன். அந்த வார்த்தை வாயில் வருவதற்குள் முதலாளி பேசினார்: "கவுண்டர்ல யாரையும் நான் போன் எடுக்க விடுறதில்லை. நீங்க அங்க உக்காந்திருந்தா உங்க மாமியார் போனும் வந்திருக்காது, வைகாசிப் பௌர்ணமியும் வந்திருக்காது. வீட்லேருந்தே பாருங்க."

எடுத்து வைத்த துணிகளைப் பையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டு, அடுக்குவதற்கு ஒரு லைப்ரரியும் சரிபார்ப்பதற்கு ஒரு மாமியாரும் இருந்தால் இந்தத் தொழிலை எங்கிருந்தும் செய்யலாம் என்று தெம்பாக உட்கார்ந்திருந்தபோது, விஷயம் தெரிந்து அத்தையின் போன் வந்தது: "அங்கன்வாடி டீச்சர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன். காதுகுத்து மே முப்பத்தொண்ணாம் தேதி, ஞாயித்துக்கிழமைதானே வருது, அன்னைக்கு ஒரு நாளாவது அந்தக் கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டு, புள்ளையை அழைச்சுக்கிட்டு முதல் பஸ்ஸுக்கே வந்துடும்மா."