பழசும் இருக்கட்டும்

2006-இல் கூனிமேட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு சொந்தக்காரர்கள். வெள்ளிக்கிழமை அது அண்ணிக்கு. மற்ற நாளெல்லாம், உப்புக் காற்றில் திருகாணி துருப்பிடித்த அந்தப் பெட்டி என்னுடையது. பள்ளிகளுக்காகத் தமிழ் மெனுக்களோடு ஒரு லினக்ஸ் தொகுப்பை நாலைந்து பேர் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருந்தோம். மென்பொருள்களைக் கம்ப்யூட்டரில் நிறுவத் தோதாகப் பொதிகளாகக் கட்டுவது என் வேலை.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் துபாயிலிருந்து அண்ணன் கூப்பிடுவார். குரல் மட்டும்தான், முகம் தெரியாது. ஆனாலும் அண்ணி நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கர் முன்னால் உட்காருவார். மவுஸைத் தொடப் பயம் என்பதால் நானும் பக்கத்தில் இருந்தாக வேண்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒரு வாரம், அண்ணனோடு பேச வைத்திருந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. ஒரே பெயரில் இரண்டு பதிப்பு இருக்கக் கூடாது என்பது எங்கள் தொகுப்பின் வழக்கம். புதியது வந்ததும் பழையதை வெளியே தள்ளிவிட்டது. அண்ணனிடம் இருந்ததோ பழசு; இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இணைப்பு கிடைத்தது, சத்தம் வரவில்லை. அண்ணி கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை.

"லைன்ல இருக்காருல்ல, அது போதும்" என்றார்.

"உன் அண்ணனைப் புதுசுக்கு மாறச் சொல்" என்று தொகுப்புக் குழுவில் எழுதினார்கள். அண்ணன் தங்கியிருந்த கேம்ப்பில் இருந்தது சூப்பர்வைசரின் கம்ப்யூட்டர்; அதில் கை வைத்தால் வேலை போய்விடும். ஏசி அறையில் இருப்பவர்களுக்கு இது எங்கே புரியப் போகிறது? கோபத்தில் பழசுக்கும் நானே ஒரு பொதி கட்டினேன். பழசின் பெயரோடு பதிப்பு எண்ணை ஒட்டி, தனி இடம் கொடுத்தேன். அப்போதும் இரண்டும் ஒரே அமைப்புக் கோப்புக்காகக் குழாயடிச் சண்டை போட்டன. அதையும் பிரித்து வைத்தேன்.

அடுத்த வெள்ளி அண்ணன் குரல் கணீரென்று வந்தது.

"போன வாரம் ஒங்க சத்தமே இங்க வரல. இருந்தாலும் நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். எல்லாம் கேட்டுதா?"

"கேட்டுதுங்க." அண்ணி கூசாமல் பொய் சொன்னார்.

"அப்ப ஒனக்குச் சம்மதந்தானே?"

எதற்கென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சொல்லாதீர்கள் என்று நான் தலையை ஆட்டினேன். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

"சம்மதந்தாங்க."

"வேலைய விட்டுட்டு வந்துடறேன், ஊர்ல கெடைக்கிறத வெச்சுப் பொழச்சுக்கலாம்னு சொன்னேனே, நீ திட்டுவேன்னு நெனச்சேன்."

அண்ணி என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

"ஹலோ, கேக்குதா? கேக்குதா?" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். நன்றாகவே கேட்டது.