யார் அந்தத் தாயத்துக்காரர்?

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காஞ்சிபுரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது இது. மாடியில் யாருக்கோ வளைகாப்பு. கீழே எங்களுடைய இரங்கல் கூட்டம். மேலே நாதஸ்வரமும் சினிமாப் பாட்டுமாக ஸ்பீக்கர் காதைப் பிளந்துகொண்டிருந்தது. கீழே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. அவர்களுக்குக் காது கேட்காது.

என் அப்பாவும் அவர்களைப் போலத்தான் இருந்தார். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்தார். "தறி ஓடும்போது காது கேக்கறவனும் செவிடன்தான், இதுல உங்கப்பாவுக்கு என்ன கொறச்சல்" என்பாள் அம்மா. அம்மாவுக்கும் எனக்கும் காது நன்றாகவே கேட்கும். எனக்கு வாய் வேறு கொஞ்சம் கூடுதல். ரேஷன் கடையா, கரண்ட் ஆபீஸா, ஆஸ்பத்திரியா, எங்கே போனாலும் அப்பா கையால் சொல்வதை நான்தான் வாயால் சொல்ல வேண்டும். அப்படிப் பழகிய வாய், இன்று வரை மூடவில்லை என்று என் கணவர் சொல்கிறார். சொல்லட்டும்.

அப்பா போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. துக்கம் கேட்க வந்த ஒரு அக்கா, என்னைத் தேற்றுவதாக நினைத்துத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "கண்ண மூடினா போதும்மா, அவரு என் பேரச் சொல்லிக் கூப்புடற மாதிரியே இருக்குது." எனக்கு ஆறுதல் வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஏனென்றால் என் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் தட்டுவார். அதிர்வில் நான் திரும்ப வேண்டும். அம்மாவிடம் என்னைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில் கையை வைத்துக் காட்டுவார். 'குட்டி' என்று அர்த்தம். நான் அவரைவிட உயரமாக வளர்ந்து, கல்யாணமாகி வாலாஜாபாத் போன பிறகும் அதே முழங்கால் உயரம்தான்.

குட்டி என்பது பெயரா? எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் அதே சைகைதான். நினைத்து ஏங்க எனக்கு ஒரு குரல் இல்லை, போகட்டும். எனக்கென்று அவர் வைத்த ஒரு பெயராவது இருந்திருக்கக் கூடாதா? சோறு வடிக்கும்போதும், ரைஸ்மில் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் இதே நினைப்புதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை ஓரமாகக் காது கேளாதவர்கள் எல்லோரும் கூடுவார்கள். ஐயம்பேட்டை, ஏனாத்தூர், வாலாஜாபாத் என்று சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் வருவார்கள். போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் விடவில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது நானும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். வயதுக்கு வந்ததும் "பஸ் ஸ்டாண்டுல ஆம்பளைங்க நடுவுல உனக்கு இன்னா வேல" என்று அம்மா நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே அப்பா என்ன பேசினார், யாரோடு சிரித்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒரே வருடத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த இரங்கல் கூட்டம். அப்பாவின் உயிர் நண்பர் ஒருவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், வீடு தேடி வந்து என்னிடம் கேட்டார். 'நாங்கள் கையால் சொல்வோம். குடும்பத்தார் எல்லோரும் காது கேட்கிறவர்கள். நீ மைக்கில் சொல்ல வேண்டும்.' அப்பாவுக்காக நான் கடைசியாகப் பேசுவது இதுதான் என்று ஒத்துக்கொண்டேன்.

யாருடைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவர்களுக்குள் அந்தப் பெயர் செல்லாது. ரேஷன் கார்டில் இருப்பது நமக்காக. அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைதான் பெயர். முகத்தில் ஒரு மச்சம், ஒரு பழக்கம், ஒரு தொழில், ஏதோ ஒன்றைப் பிடித்து வைப்பார்கள். வைத்தால் வைத்ததுதான், ஆயுசுக்கும் மாறாது.

கூட்டம் தொடங்கியது. தலைமை தாங்க வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர், "எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் விழித்தேன். இதை எப்படிச் சைகையில் சொல்வது? பேசாமல் இருங்கள் என்றால், அவர்கள் எப்போது பேசினார்கள்? கண்ணை மூடுங்கள் என்றால் அவர்களுக்கு எல்லாமே அறுந்துவிடும். யோசித்துவிட்டு, என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். உடனே அத்தனை பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அதுவரை அலையடித்துக்கொண்டிருந்த கைகள் ஒன்றுகூட அசையவில்லை. அவ்வளவு பெரிய மௌனத்தை நான் பார்த்ததில்லை. மாடியில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஐயம்பேட்டையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அம்மா. உதட்டில் ஊசியைக் கவ்வுகிற மாதிரி காட்டினால் அவர்தான். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் வந்திருந்தார். காது கேட்கிறவர்தான், சொந்தமும் இல்லை. "அந்தம்மா எப்பவும் எனக்குப் பக்கத்துலதான் குந்தும்பா. எறங்கற எடம் வந்தா என் முட்டியில ஓங்கி ஒரு அடி போடும். இப்பவும் அந்த எடம் வந்தா, யாரும் அடிக்காமலே என் காலு பிரேக்குக்குப் போவுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவர் பஜாரில் அத்தர் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெரியவர். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தால் அது அவர் பெயர். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லோர் கையிலும் அத்தர் தடவாமல் விடமாட்டாராம். முதல் தடவை அந்த வாசனையோடு அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு ஆட்டம் ஆடினது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது, ஏனாத்தூர்ப் பையன். காலேஜ் கேன்டீனில் தோசை போட்டுக்கொண்டிருந்தவன். நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்குவதுதான் அவன் பெயர். காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் பற்றிச் சொல்ல எல்லோரும் முண்டியடித்தார்கள். வாயாடியாம், கேலிக்காரனாம், அவன் வராத வாரம் டீயே இறங்காதாம். முன் வரிசையில் இருந்த அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளையா? வூட்டுல அவன் குந்தின எடமே தெரியாதம்மா. அவன் சொன்னத ஒண்ணு காட்டச் சொல்லும்மா."

ஒருவர் எழுந்து, அந்தப் பையன் நடித்துக் காட்டுவானாம் ஒரு விஷயம், அதைச் செய்து காட்டினார். தோசைக்குக் காத்திருக்கும் ஒரு வாத்தியார், கல்லையும் வாட்சையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் மாவையே குடித்துவிடுவது மாதிரி. கூடமே குலுங்கியது. அந்த அம்மாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தன் கையைத் தூக்கி, நெற்றியில் இல்லாத முடியை ஒதுக்கினார். தன் பிள்ளையின் பெயரை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்.

கடைசியில் என் அப்பா. கன்னத்தில் ஆள்காட்டி விரலைக் குத்தினால் அவர். சிரித்தால் விழுகிற குழி. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அச்சகத்துக்காரர் எழுந்து முன்னால் வந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். 'சைக்கிளை ஸ்டாண்டு போட்டதுமே இவர் ஆரம்பிப்பது யாரைப் பற்றி?' என்று கேட்டுவிட்டு, தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சைகையை நான் பார்த்ததில்லை. ஆனால் மைக் கையில் இருக்கிறது, சும்மா நிற்க முடியுமா? கையில் அந்த இடத்தில் நம் ஊரில் என்ன இருக்கும்? தாயத்துதான். யோசிக்காமல் போட்டேன்: "வாரா வாரம் முதல்ல அந்தத் தாயத்துக்காரரப் பத்திதான் பேசுவாராம்."

சைகையில் ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா என்றெல்லாம் தெரியாது. 'காரர்' என்பது என் கைச்சரக்கு.

அவர் மேலே மேலே சொன்னார், நானும் விடாமல் மொழிபெயர்த்தேன். தாயத்துக்காரர் பரீட்சையில் பாஸானபோது எல்லோருக்கும் இவர் செலவில் பஜ்ஜியாம். தாயத்துக்காரர் மகா கோபக்காரராம், ஆனால் பாசமானவராம். தாயத்துக்காரர் காய்ச்சலில் கிடந்த வாரம் இவர் தறியிலேயே உட்காரவில்லையாம். தாயத்துக்காரர் ஊரைவிட்டுப் போன வாரம், இந்தக் கூட்டத்துக்கு வந்து சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாராம்.

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குத் தெரியாமல் அப்பாவுக்கு இவ்வளவு உயிரான ஒரு ஆளா? எனக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றாத மனுஷன், எவனோ ஒருத்தனின் பெயரை வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தாரா? முன் வரிசையிலிருந்து அம்மா வேறு, "யாருடி அது, எனக்குத் தெரியாம எந்தத் தாயத்துக்காரன்?" என்று கூடமே கேட்கும்படி கேட்டாள்.

நான் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையால் கேட்டேன். முகத்தில் கோபம் தெரிந்திருக்கும், மறைக்கவில்லை. 'அந்த ஆள் இங்கே வந்திருக்கிறாரா? எங்கே, காட்டுங்கள்.'

அச்சகத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். அவரோடு சேர்ந்து அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை விரல்களும் என் பக்கம் நீண்டன. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அப்போதும் எனக்கு ஏறவில்லை. அவர் பக்கத்தில் வந்து, பொறுமையாகச் செய்து காட்டினார். அப்பா தறியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் தூளி. தூளியிலிருந்து ஒரு பட்டு நூல் வந்து அப்பாவின் கையில், முழங்கைக்கு மேலே, கட்டியிருக்கிறது. குழந்தை அழுதால் அவருக்குக் கேட்காது. ஆனால் விழித்துக் கையைக் காலை உதைத்தால் தூளி ஆடும், நூல் இழுக்கும். நூல் இழுத்தால் தறி நாடாவை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

"ஆமாண்டி!" என்று அம்மா எழுந்தே விட்டாள். "நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனப்போ அப்படித்தான் நூலக் கட்டிக்கினு நெய்வாரு. தோலு செவந்து வரி வரியா கெடக்கும். நானே மறந்துட்டேனே!"

அச்சகத்துக்காரர் கேட்டார், 'உனக்கு உன் பெயர் தெரியாதா?' நான் இல்லை என்று தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. 'எப்படித் தெரியும்? எதிரில் இருக்கிற ஆளைத் தட்டிக் கூப்பிட்டால் போதுமே. பெயர் எதற்கு? அந்த இடத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசத்தானே பெயர்.'

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். எனக்கும் அது பொருந்தும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் அம்மாவிடம் கேட்க 'குட்டி' போதும், வெளியே பேசத்தான் பெயர்.

"இன்னாம்மா சொல்றாரு? சொல்லும்மா" என்று ஷேர் ஆட்டோ டிரைவர் கேட்டார். மூன்று பேருக்கான பேச்சைத் தனியாகப் பேசி வளர்ந்தவள் நான். கக்கத்தில் இடுக்கிய மைக்கை எடுக்கவில்லை. 'ஊரைவிட்டுப் போன வாரம்' என்றது என் கல்யாணத்தைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்தன்று மண்டபத்தில் என் அப்பா கன்னம் குழியச் சிரித்தபடி எல்லோரையும் சாப்பிட அனுப்பிக்கொண்டிருந்தார். கவலையே படாத மனுஷன் என்று எனக்கு அன்றைக்கு ஒரு குறைகூட இருந்தது. மைக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா மைக்கில், "தாயத்தும் இல்ல ஒண்ணும் இல்லபா, இவளத்தான் சொல்றாங்க" என்றாள்.

அன்றைக்குக் கிளம்பும்போது எல்லோரும் என் தோளைத் தட்டி விடைபெற்றார்கள். ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் எதிரில் நிற்கிறேனே. ஒரே ஒரு தடவை அப்பாவின் கையில் அந்தப் பெயரைப் பார்க்க முடிந்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அது நடக்காது. ஆனால் இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் போகிறேன். வேலை இருந்து போக முடியாத வாரங்களில், 'எங்கே காணோம்' என்று டீக்கடை ஓரத்தில் யாராவது ஒருவர் தன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பே, அப்பா என்னைக் கூப்பிட்டு முடிக்கவில்லை என்பது போல எனக்கு இருக்கிறது.