சூளைக்கு ஆபீசர் வந்த நாள்

ஒரகடத்துக் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் வராந்தா பெருக்குகிறேன். நேற்று எட்டாம் வகுப்பில் டீச்சர் அமெரிக்காவின் பழைய தீர்ப்பு ஒன்றை நடத்தினார். விடுதலை கேட்டு ஓர் அடிமை வழக்குப் போட்டானாம். அவனுக்கு வழக்குப் போடும் உரிமையே இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டதாம்.

"லூசு மிஸ் அவன். கேஸ் போடாம ஓடிப் போயிருக்கலாம்ல?" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது.

எனக்குச் செங்கல் சூளைப் புகை மூக்கில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது வாலாஜாபாத் பக்கத்துச் சூளையில் கடனுக்காகக் குடும்பத்தோடு அடைபட்டிருந்தோம். ஒருநாள் ஆபீசர் ஜீப்பில் வந்தார். முதலாளிக்கு முன்பே தகவல் தெரியும். அதனால் அவர் என் குட்டித் தங்கையைத் தூக்கிப்போய்த் தன் காரில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்திருந்தார்.

ஆபீசர் அப்பாவிடம் கேட்டார். "பயப்படாம சொல்லுப்பா. உங்கள அடைச்சு வெச்சிருக்காங்களா? ஆமான்னா இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

அப்பா காரைப் பார்த்தார்.

"இல்ல சார். இஷ்டப்பட்டுதான் கீறோம். மொதலாளி எங்க சாமி சார்."

ஜீப் போனது. முதலாளி தங்கையை இறக்கிவிட்டார். அவள் கையிலிருந்த மீதி பிஸ்கட்டைப் பிடுங்கி மண்ணில் போட்டார்.

"நல்லா பேசினடா. துன்னு."

அப்பா குனிந்து எடுத்துத் தின்றார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆயா, கதவச் சாத்துங்க. தூசி உள்ள வருது" என்றார் டீச்சர்.

சாத்தினேன்.