நீலம் விழுந்த மூலை

அண்ணி கணினி முன் உட்கார்ந்தால் கோடிக்கணக்கான எண்கள் சட்டை மாற்றிக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும். வானவில்கூட நிறம் கடன் கேட்டு அவள் வாசலில் காத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவள் அன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் கணினி அறை வேலை அவளுக்கு. அண்ணன் அங்கேயே மெக்கானிக். ஒவ்வொரு ஈட்டிலும் பெரிய எந்திரத்தில் வைத்த முட்டைகள் நிறைய வீணாகிக்கொண்டிருந்தன. "அடுத்த ஈடும் இப்படின்னா வேற மெக்கானிக்கைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். விசிறி, ஹீட்டர் எல்லாவற்றையும் பிரித்து மாட்டிப் பார்த்த அண்ணன், சோற்றுத் தட்டை முறைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

எந்திரத்துக்குள் முட்டைத் தட்டுக்கு ஒரு சென்சார். எல்லாம் சூட்டை எண்ணாக அனுப்பும். எறும்புச் சாரைபோல ஊர்ந்த அந்த எண்கள் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அண்ணி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டுகள் இருக்கிற மாதிரியே கட்டம் கட்டமாக அடுக்கி, எண்ணுக்கு ஒரு நிறம் கொடுக்க புரோகிராம் எழுதினாள். குளிர்ந்தால் நீலம், நடுவில் மஞ்சள், சூடு ஏறினால் சிவப்பு.

ஓடவிட்டாள். முழுக்கச் சிவப்பு. நடுவே ஒரே ஒரு நீலக் கட்டம்.

"என்ன அண்ணி, தக்காளி லாரி கவுந்துடுச்சா?" என்றான் கொழுந்தன். வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே நின்றது அதிகம் என்பதால் அவனுக்கு வீட்டில் வாலு என்று பெயர்.

"வாயை மூடுடா. உங்க அண்ணன் வேலையே போகப்போகுது."

வாலு நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அதிசயம்தான்.

அண்ணி அந்த நீலக் கட்டத்தின் எண்ணைத் தேடினாள். மைனஸ் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. தலையில் அடித்துக்கொண்டாள். சென்சார் செத்துப்போனால் அனுப்புகிற எண் அது. அந்தப் பாதாளத்திலிருந்து நிறத்தைப் பங்கு போட்டால் உயிரோடிருக்கிற தட்டுகளுக்கெல்லாம் ஒரே சிவப்புதானே மிஞ்சும்? அதை மட்டும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

மஞ்சள் விரிந்தது. பின்பக்கக் கீழ் மூலையில் நீலம் ஊறி நின்றது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "பின்கதவு! அடியே, பின்கதவு!" கை கழுவாமலே பண்ணைக்கு ஓடினான். எந்திரத்தின் பின்கதவுக் கீலுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ரப்பர் பட்டை கிழிந்து, குளிர்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஈட்டில் குஞ்சுகள் போட்ட கூச்சலில் முதலாளி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீயே இருப்பா" என்றார். அன்று அண்ணன் சாப்பிட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே அண்ணி தட்டையும் சேர்த்துக் கழுவினான்.

மறுநாள் அண்ணி புரோகிராமை ஓடவிட்டாள். சூட்டுப் படத்தைக் காணோம். நீல வெளியில் ஒரு மஞ்சள் குஞ்சு, கால் மேலே தலை கீழே.

"டேய் வாலு!"

"நானா? எனக்குக் கூட்டலே வராது அண்ணி."

"அதான் தெரியுதே. படத்துல முதல் வரிசை மேலதான்டா வரும். நீ கீழேருந்து வரிசையை எண்ணி நம்பரைத் தட்டியிருக்க. இத்தனை கட்டத்தையும் கையாலயா போட்ட?"

"விரல் அதுவா போச்சு."

"அண்ணன் வேலையைக் காப்பாத்தினதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

வாலு கூரையை ஆராய்ந்தான். அண்ணி மடிக்கணினியைத் தலைகீழாகத் திருப்பிக் குஞ்சை நிமிர்த்திப் பார்த்தாள், அழிக்காமல் சேமித்தாள்.

"இதையும் எங்கயாவது எழுதத்தான் போற. வானவில் என் வாசல்ல காத்துக் கிடக்குதுன்னு முதல் வரியிலயே அளந்துவிடுவ. உன்னை எனக்குத் தெரியாதா?"