லோகாம்பாள் போட்ட வளையல்

மாகறலில் பிறந்த லோகாம்பாள் பெரிய காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து, அவள் கணவன் கோதண்டபாணி இருமாத நாளே கிடையாது. சைக்கிள் கடை வைத்திருந்தான். டயருக்குக் காற்றடித்தாலே மூச்சு வாங்கும். பிள்ளை பிறக்கவில்லை. பழி அவள்மேல் விழுந்தது. கோயிலில் மண்சோறு தின்றாள். நல்ல காரியங்களில் பின்னால் போய் உட்காரப் பழகிக்கொண்டாள்.

1978 மழைக்காலத்தில் சளி கட்டி அவன் மூச்சுத் திணறினான். சென்னைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் வரதராஜன் எக்ஸ்ரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயம் வலப்பக்கம் இருந்தது.

"பிள்ளைங்க இருக்காங்களாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் விந்தைச் சோதித்த பிறகு டாக்டர் இருவரையும் உட்காரவைத்தார். "உயிரணு எல்லாம் உயிரோடதான் இருக்குது. ஒண்ணுகூட நீந்தல. அதோட வாலுக்குள்ள நூல் நூலா இருக்கும்மா. ஒரு நூல்லேர்ந்து கண்ணுக்கே தெரியாத கைங்க நீண்டு, பக்கத்து நூலைப் புடிச்சு இழுக்கும். அப்படி இழுத்தாத்தான் வால் வளைஞ்சு அடிக்கும். அந்தக் கைங்க இவருக்குப் பொறவியிலேயே இல்லன்னு நெனைக்கிறேன். மூச்சுக் கொழாயில சளியை மேல தள்ளுற ரோமத்துலயும் அதே கைங்கதான். அதான் இருமல். இதயம் வலப்பக்கம் மாறினதும் இதனாலதான் போலிருக்கு. வெளிநாட்டுலயே இது இப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்போ என்னால இல்லீங்களா?"

"உங்க மேல தப்பே இல்லம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும், "ஊர்ல யாருக்கும் சொல்லாத. உன்னைக் கேவலமா பேசுவாங்க" என்றாள்.

தை மாதம் தாமலில் அவன் தம்பி மனைவி பூவம்மாளுக்கு வளைகாப்பு. வளையல் தட்டருகே போன லோகாம்பாளை அவன் அத்தை மணியம்மாள் தடுத்தாள். "நீ அப்பால உக்காரும்மா."

வாசலில் நின்ற கோதண்டபாணி பெண்கள் நடுவே வந்துவிட்டான்.

"கொறை எனக்குத்தான் அத்தே. டாக்டரே சொல்லிட்டாரு. இத்தினி வருஷமா என் பழிய இவ சொமந்துக்கினு இருந்தா." மேலே பேச விடாமல் இருமல் வந்தது.

பூவம்மாள் கையை நீட்டினாள். "அக்கா, மொதல்ல நீ போடு." மணியம்மாளே தட்டை நகர்த்திக் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் லோகாம்பாள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"எந்த ஆம்பள இதச் சொல்லுவான்? நீ சொன்னியே. எனக்கு இது போதும்யா."

அவனுக்குக் குழந்தை பிறக்கவேயில்லை. சளியும் முழுக்கத் தீரவில்லை. ஆனாலும் டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்காயில் நல்லதாகப் பொறுக்கி அவருக்கு ஒரு கூடை கொண்டுபோவாள் லோகாம்பாள்.