நான் கிழிக்காமல் விட்ட மெமோ

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். ஆவடி பக்கத்தில் இருந்த விமானப்படை உதிரிபாகக் கிடங்கில் நான் விங் கமாண்டராக இருந்தேன். போர் விமானங்களின் பிரேக்குக்கான ரப்பர் வளையங்கள் அவசரமாக வடக்கே போக வேண்டும். பெட்டிகளை லாரியில் ஏற்றியாகிவிட்டது. நான் வந்து பார்த்தால், பூந்தமல்லியிலிருந்து பெட்டி கட்டும் வேலைக்கு வரும் பேக்கர் ஒருவர் அவற்றைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"யாரைக் கேட்டு இறக்குற?" என்று கத்தினேன்.

"கடைசிப் பொட்டிக்கு ஆணி அடிக்க சொல்ல உள்கவர் கிழிஞ்சிச்சு சார். மேல ஒட்டுன சீட்டுதான் புச்சு. உள்ள கீற ரப்பரு தேதி முடிஞ்ச சரக்கு."

சரக்கைச் சரிபார்த்ததாக இரண்டு நாள் முன்பு கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு பேக்கர் எனக்குச் சொல்வதா? உத்தரவை மீறியதாக அங்கேயே மெமோ எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா வோணா எழுதிக்கோங்க. இது மட்டும் போவக் கூடாது சார்."

காவலரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் அவரை இழுத்துப்போகச் சொன்னேன். அவர் சொன்னது பொய் என்று காட்டத்தான் ஒரு வளையத்தை எடுத்து வளைத்தேன். அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது. அதை மாட்டிய விமானம் இறங்கினால் நிற்காது.

பெட்டிகளை நிறுத்தினேன். ஆனால் அந்த மெமோவைத் திரும்ப வாங்கிக் கிழிக்கவில்லை. கிழித்தால் காரணம் எழுத வேண்டும். பார்க்காமலே போட்ட என் கையெழுத்து வெளியே வரும். பதவி உயர்வு நெருங்கிய நேரம் வேறு. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 'என் சோதனையில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்தடுத்து உயர்ந்து ஏர் கமடோர் ஆனேன்.

தொண்ணூறுகளில் ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயிலில் குடியேறிய பிறகுதான் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அந்தக் காயிதம் இன்னும் என் பைல்ல கீது சார். என்கூட சேர்ந்தவன்லாம் சூப்பர்வைசர் ஆயிட்டான். நான் இன்னும் ஆணி அடிச்சிக்கினு கீறேன். உங்க மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது? எழுதிக் குடுங்க!"

வாசலில் நின்றபடியே, நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சில மாதங்களில் அந்த மெமோ ரத்தானது. பதவி உயர்வு வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

கல்யாண வீடுகளில் யாராவது என்னை 'நேர்மையான அதிகாரி' என்று அறிமுகப்படுத்தினால், இன்றைக்கும் என் மேல் எனக்கு வருகிற கோபத்தை அடக்க முடியவில்லை.